பிசிறு போகாத கத்தி தோலைத் தின்றுவிடும்

மணிபர்ஸ் செய்யும்போது நான் அதிகம் கவனிப்பது ஓரத்தைத்தான். 1.2 மில்லிமீட்டர் தோலை அப்படியே மடித்தால் ஓரம் 2.4 ஆகிவிடும். தையல் மேடு தட்டும், பர்ஸ் சட்டைப் பையில் துருத்திக்கொண்டு நிற்கும். மடிப்பு விழுகிற இடத்தை 0.6க்குச் சீவி இறக்கிவிட்டால் மடித்த பிறகும் பழைய 1.2தான். கடையில் பர்ஸைக் கையில் எடுக்கிறவர் முதலில் கட்டைவிரலால் ஓரத்தைத் தடவிப் பார்ப்பார். சீவினவர் கை அங்கேதான் தெரியும்.

தாராவியில் எங்கள் கார்கானாவில், அதாவது பட்டறையில், சீவுகிற மெஷினும் உண்டு. நீளமான நேர் ஓரமெல்லாம் அதில் ஓடிவிடும். மூலை, வளைவு, கார்டு அறையின் வாய், ஜிப் முடிகிற இடம் இவற்றுக்கெல்லாம் கைக்கத்திதான். நெல்லைப் பக்கமிருந்து தோல் பதனிட இந்த ஊருக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். பதனிடும் தொட்டிகள் தாராவியை விட்டுப் போய் வெகுகாலம் ஆகிறது. இன்று தோல் ஆம்பூரிலிருந்தும் வாணியம்பாடியிலிருந்தும் கான்பூரிலிருந்தும் வருகிறது. வெட்டுவதும் சீவுவதும் தைப்பதும் மட்டும் இங்கே தங்கிவிட்டன. அதையாவது ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு.

கத்தியை நாங்கள் கடையில் வாங்குவதில்லை. நாக்தேவி தெருவில் பவர் ஹாக்ஸா பிளேடு, அதாவது இரும்பு அறுக்கிற மெஷின் ரம்பத்தின் பிளேடு கிடைக்கும், 2 மி.மீ. தடிமன். பல்லைத் தேய்த்துவிட்டு, ஒரு முனையைச் சாய்வாக வெட்டி, பிடிக்கிற இடத்தில் தோல் சுற்றினால் கத்தி தயார். அது ஹைஸ்பீடு ஸ்டீலாக இருப்பது பெரிய வசதி. சாதாரண கார்பன் ஸ்டீல் கத்தியை எமரி சக்கரத்தில் அழுத்திப் பிடித்தால் முனை நீலம் பாரித்துவிடும். நீலம் என்றால் ஏறத்தாழ 300 டிகிரி. பதம் இறங்கிவிட்டது, அந்த நீலம் முழுக்கத் தேய்ந்து போகும்வரை கூர் நிற்கவே நிற்காது. சைக்கிளில் சாணை பிடிக்க வருகிறவரிடம் நல்ல கார்பன் கத்தியைக் கொடுக்காதீர்கள் என்று நான் சொல்வது அவர் கைத்திறமையைக் குறைத்துப் பேச அல்ல. வறண்ட சக்கரத்தின் சூடு அப்படி. ஹைஸ்பீடு ஸ்டீல் 500 டிகிரி தாண்டியும் தாங்கும். அதற்குப் பதில் கல்லில் தேய்வது மெதுவாகத்தான். பொறுமை வேண்டும்.

கத்தியின் வாய், அதாவது வெட்டுகிற ஓரம், அதை நோக்கி இறங்குகிற சரிவு எவ்வளவு என்று புதிதாக வருகிற எல்லோரும் கேட்கிறார்கள். கோணமானி எதுவும் வேண்டாம். கத்தியின் தடிமனைப் போல மூன்று மடங்கு அகலத்துக்குச் சரிவு இருக்கட்டும். 2 மி.மீ. பிளேடுக்கு 6 மி.மீ. சரிவு என்றால் கோணம் கிட்டத்தட்ட 20 டிகிரியில் வந்து நிற்கும். அதைவிடப் படுக்க வைத்தால் ஆட்டுத்தோலுக்குப் பிரமாதமாக ஓடும், ஆனால் எருமைத்தோலில் வாய் சீக்கிரம் உடையும்.

சரிவு ஒரு பக்கம்தான். மறுபக்கம் தட்டை. அந்தத் தட்டைப் பக்கத்தைத்தான் பெரும்பாலானவர்கள் மறந்துவிடுகிறார்கள். சீவும்போது தோலின் சதைப்பக்கம் மேலே இருக்கும், கத்தியின் தட்டைப் பக்கம் அதன்மேல் படுத்து ஓடும். அங்கே ஒரு பிசிறு, அதாவது தீட்டும்போது வாயில் எழுகிற மெல்லிய இரும்பு விளிம்பு, நின்றால் அது கீழ்நோக்கி வளைந்து தோலுக்குள் இறங்கும். நீங்கள் கையை எவ்வளவு நேராக வைத்தாலும் கத்தி பள்ளம் பறிக்கும், கடைசியில் ஓட்டை விழும். பையன்கள் கை நடுங்கிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் கையில் பிழை இருக்காது, பிசிறுதான் காரணம்.

நான் சொல்லிக்கொடுக்கிற முறை இது. 8 மி.மீ. தடிமனில் கண்ணாடித் துண்டு ஒன்று, அதன்மேல் தண்ணீர் நனைத்த வாட்டர் பேப்பர் (ஈரத்தில் தேய்க்கிற உப்புத்தாள்). முதலில் தட்டைப் பக்கத்தை 400 நம்பர் பேப்பரில் வைத்து, முனையோரம் முழுக்க ஒரே மாதிரி மினுங்கும்வரை தேய்க்க வேண்டும். புதுக் கத்திக்கு ஒருமுறை செய்தால் போதும். பிறகு சரிவின்மேல் மார்க்கர் மையைப் பூசிவிட்டு இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மை எங்கே அழிந்திருக்கிறதோ அங்கேதான் கத்தி தேய்கிறது. முனைக்குப் பக்கத்தில் மை அப்படியே இருந்தால் நாள் முழுக்கத் தேய்த்தாலும் கூர் வராது. வில்வேட்டைக்கு அனுமதி உள்ள நாடுகளில் அம்பின் முனை தீட்டுகிறவர்களும் இதே மை வழியைத்தான் பிடிக்கிறார்கள். நம் நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்துவிட்டது, ஆனால் இரும்புக்கு எல்லா ஊரிலும் ஒரே புத்திதான்.

பேப்பரில் எப்போதும் பின்னோக்கி இழுப்பு மட்டும். முன்னால் தள்ளினால் பேப்பர் கிழியும். கார்போரண்டம் கல்லாக இருந்தால் தள்ளலாம், ஆனால் நடுவில் குழி விழுந்த கல் தட்டைப் பக்கத்தைக் கெடுத்துவிடும். கல்லையும் கண்ணாடிமேல் கரடுப் பேப்பர் போட்டு மட்டம் பண்ணிக்கொள்ள வேண்டும்.

சரிவைத் தேய்க்கத் தேய்க்க மறுபக்கத்தில் மெல்லிய பிசிறு எழும். விரலை வாய்க்குக் குறுக்கே, உள்ளிருந்து வெளியே தடவினால் நகத்தில் சிக்கும். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை எங்கும் சிக்க வேண்டும். சிக்காத இடத்தில் இன்னும் தீட்டு முடியவில்லை. பிசிறு எழுந்த பிறகு 1000, 2000 நம்பர் பேப்பர் என்று ஏறி, ஒவ்வொன்றிலும் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். கடைசி இழுப்புகளில் கத்தியின் எடை மட்டும் போதும்.

புதிதாக வந்த தம்பி ஒருவன் முழங்கையைக் காட்டி, "அக்கா, முடியெல்லாம் வழிக்குது பாருங்க, கூர் வந்துட்டு" என்றான். முடி வழிப்பதை நான் கணக்கில் எடுப்பதில்லை. பிசிறோடு இருக்கிற வாயும் முடியை வழிக்கும், தோலைத் தொட்டதும் மடங்கிவிடும். "லேய், வெளிச்சத்துக்கு நேரா வாயைத் தூக்கிப் பிடி" என்றேன். கூரான வாயில் வெளிச்சம் நிற்க இடமே இராது. வெள்ளைக் கோடோ புள்ளியோ தெரிந்தால் அங்கே மழுங்கல் அல்லது பிசிறு. அவன் கத்தியில் நடுவில் ஒரு கோடு தெரிந்தது. அவனே பார்த்துக் கண்டுபிடித்தான், நான் விரல் நீட்டவில்லை.

அந்தப் பிசிறை எடுப்பதற்கும் தோல்தான் வேண்டும் என்பது எனக்கு இன்னும் சந்தோஷம் தருகிற விஷயம். பட்டையில் பதனிட்ட கெட்டித் தோலைப் பலகையில் சதைப்பக்கம் மேலே வைத்து ஒட்டி, பச்சை நிற பாலிஷ் கட்டியைத் தேய்த்துக்கொள்கிறோம். அந்தப் பச்சை குரோமியம் ஆக்சைடு. சரிவை இழு, தட்டையை இழு, மாறி மாறி. தட்டையை ஒருபோதும் தூக்கக் கூடாது, நூலளவு தூக்கினாலும் வாய் உருண்டுவிடும். குரோம் பதனிட்ட மெத்தென்ற தோலைப் பலகையில் ஒட்டவே கூடாது. அது அமுங்கி வாயைச் சுற்றிக்கொண்டு கூரைத் தின்றுவிடும்.

வேலைக்கு நடுவே மணிக்கொரு தரம் பலகையில் சில இழுப்பு இழுத்தால் பேப்பருக்குத் திரும்பவும் போகவேண்டிய தேவை வெகுவாகக் குறையும். எங்கள் இடத்தில் ஒருவர் கத்தியை இன்னொருவர் தீட்டுவதில்லை. ஒவ்வொருவர் கைச் சாய்வும் வேறு, அந்தச் சாய்வுக்குத்தான் வாய் பழகியிருக்கும்.

ஜூன் வந்ததும் ஒரு விஷயம் கவனியுங்கள். மும்பை மழையில் கத்தியைத் தோல் உறையில் போட்டு வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பதனிட்ட உப்பும் அமிலமும் அதில் கொஞ்சம் மிச்சமிருக்கும், இரண்டும் சேர்ந்து ஒரே வாரத்தில் வாயில் புள்ளிபுள்ளியாகத் துருவேற்றிவிடும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவி, பழைய தினத்தந்தியில் சுற்றி, மேசை இழுப்பறையில் வையுங்கள்.