ஒண்ணும் பண்ணல மாமா

பழுது பார்க்கப் போகிற இடத்தில் முதலில் கிடைக்கும் தடயம் பெரும்பாலும் ஒரு வாக்கியம்தான்: "ஒண்ணும் பண்ணல, தானா நின்னு போச்சு." தானாக நின்றுபோகிற சாமான்களும் உலகத்தில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நாம் கேட்பதற்கு முன்பே அந்த வாக்கியம் ஓடி வந்து வாசலில் நின்றால், சாமானை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், சொன்ன ஆளின் கையைப் பார்க்க வேண்டும். என் அக்கா பையனின் ஆள்காட்டி விரல் நுனியில் சால்டரிங் அயர்ன் சுட்ட கொப்புளம் புத்தம் புதிதாக இருந்தது.

கம்ப்யூட்டரின் வியாதி இதுதான். பட்டனை அமுக்கினால் உள்ளே விசிறிகள் கால் சுற்று சுற்றும். 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், அடக்கம். மறுபடி அமுக்கினால் அந்தக் கால் சுற்றும் கிடையாது. பின்பக்கத்து சுவிட்சை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்துப் போட்டால், திரும்பவும் கால் சுற்று, திரும்பவும் 'டிக்'.

"கரன்ட் வருதுடா, ஆனா வரல" என்றாள் அக்கா.

இதைக் கேட்டுப் பையன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அதைவிடச் சரியாக யாராலும் சொல்ல முடியாது. 1995-ல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் என்ற வடிவமைப்பு முறையில், எஸ்எம்பிஎஸ் என்கிற பவர் சப்ளை பெட்டிக்குள் இரண்டு வேலைக்காரர்கள். ஒருவர் பிளக் மாட்டியதிலிருந்து தூங்காமல் ஊதா ஒயரில் 5 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருப்பார். இன்னொருவர் 12, 5, 3.3 என்று பெரிய வேலை எல்லாம் பார்ப்பவர், கூப்பிட்டால்தான் எழுந்திருப்பார். நாம் அமுக்குகிற பட்டன் மின்சாரத்தைத் திறந்துவிடுவதில்லை, மதர்போர்டிடம் ஒரு மனு கொடுக்கிறது. மதர்போர்டு பச்சை ஒயரை கிரவுண்டுக்கு, அதாவது பூஜ்ய வோல்ட்டான கறுப்பு ஒயருக்கு, இழுத்தால்தான் பெரியவர் எழுவார். எழுந்து பார்க்கிறார், ஏதோ பிடிக்கவில்லை, திரும்பிப் படுத்துவிடுகிறார். பாதுகாப்புச் சுற்று ஒரு தடவை பெட்டியை நிறுத்திவிட்டால், பல பெட்டிகளில் மெயின் இணைப்பைத் துண்டித்துவிட்டு மறுபடி கொடுக்கும்வரை எத்தனை மனு கொடுத்தாலும் தள்ளுபடிதான். அதனால்தான் அந்தப் பின்பக்கத்து சுவிட்ச் வித்தை.

ஆக, ஃபியூஸ் போகவில்லை. எங்கேயோ ஷார்ட். எங்கே என்று பையனுக்குத் தெரிந்திருக்கலாம், ஆனால் அவன்தான் ஒண்ணும் பண்ணவில்லையே.

கேபினட்டிலிருந்து எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றி எடுத்தேன். 'பிரித்தால் வாரன்டி செல்லாது' என்ற ஸ்டிக்கர் நடுவில் கிழிந்து, அதன் மேலேயே செலோடேப் ஒட்டி மரியாதையாகச் சேர்த்து வைக்கப்பட்டிருந்தது.

"இது என்னடா?"

"தூசி தட்டினேன் மாமா."

முதல் தவணை வந்துவிட்டது. நான் அவசரப்படவில்லை. இந்த மாதிரி விசாரணையில் அதட்டினால் அடுத்த தவணை வராது. மல்டிமீட்டரை எடுத்தேன். ஊதா ஒயரில் 5.06 வோல்ட். பச்சை ஒயரிலும் இருக்க வேண்டியது இருந்தது. இந்தப் பெட்டி பழைய ரகம், ஒயர்கள் எல்லாம் கலர் கலராக இருந்தன. இப்போது அழகுக்காக எல்லா ஒயரையும் கறுப்பாக்கி விற்கிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் எது எதுவென்று பின்னை எண்ணி எண்ணிக் கண் பூத்துவிடும்.

அடுத்தது பேப்பர் கிளிப் சோதனை. 24 பின் கனெக்டரை மதர்போர்டிலிருந்து பிடுங்கிவிட்டு, பச்சைக்கும் பக்கத்துக் கறுப்புக்கும் வளைத்த கிளிப்பைச் செருகினால் மதர்போர்டு இல்லாமலேயே பெரியவரை எழுப்பலாம். நான் கிளிப்பை நீட்டியதும் பையன் ரெண்டடி பின்னால் போனான்.

"மாமா, ஷாக் அடிக்காதா?"

"அஞ்சு வோல்ட்டுடா. நீ தூசி தட்டினப்ப பெட்டிக்குள்ள எவ்வளவு இருந்துச்சுன்னு தெரியுமா?"

"ஆஃப் பண்ணிட்டுத்தான் திறந்தேன்."

இதைக் கேட்டு எனக்குத்தான் ஷாக் அடித்தது. உள்ளே நுழையும் 230 வோல்ட் ஏசியை டிசியாக மாற்றினால் 325 வோல்ட் வருகிறது. ஆக்டிவ் பிஎஃப்சி என்ற கூடுதல் சுற்று வைத்த பெட்டி என்றால் 400-ஐத் தொடும். அதைச் சேர்த்து வைத்துக்கொண்டு ஒரு தடித்த கெப்பாசிட்டர் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. சுவிட்சை அணைத்த செய்தி அதற்கு உடனே போய்ச் சேராது. அதை மெதுவாக வடித்துவிடுகிற ரெசிஸ்டர் நல்லபடியாக இருந்தால் கொஞ்ச நேரத்தில் காலியாகும். அந்த ரெசிஸ்டரே போயிருந்தால் எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்ல முடியாது. விரலில் கொப்புளத்தோடு போயிற்றே என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். அக்கா காதில் விழும்படி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் விசாரணை என் கையை விட்டுப் போயிருக்கும்.

கிளிப் மாட்டியும் அதே கால் சுற்று, அதே 'டிக்'. மதர்போர்டு நிரபராதி. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இரண்டு முனைகள் ஒட்டியிருந்தால் பீப் அடிக்கிற கன்டினியூட்டியில் மீட்டரை வைத்து, கனெக்டர் பின்களைத் தடவினேன். 12 வோல்ட் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் நடுவில் ஷார்ட் இல்லை. 5 வோல்ட் சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவிலும் இல்லை. எந்த ஒயரும் கிரவுண்டில் முட்டவில்லை. ஒரு சந்தேகத்தில் மஞ்சளிலும் சிவப்பிலும் வைத்தேன். 'பீஈஈப்'.

12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தன. இப்படி ஒரு ஷார்ட் இயற்கையில் விளைவதில்லை, யாராவது பயிரிட்டால்தான் உண்டு. மீட்டரை அப்படியே பீப் அடிக்க விட்டுவிட்டு அவனைப் பார்த்தேன். அந்தச் சத்தத்துக்கு ஒரு சக்தி இருக்கிறது.

"ஃபேன் மாத்தினேன் மாமா" என்றான்.

மைக்கில் பேசிப் பதிவு செய்கிற வேலை ஏதோ ஆரம்பித்திருக்கிறான். பதிவில் 'ர்ர்ர்ர்' என்று ஒரு விசிறி சத்தம் கேட்கிறதாம். எஸ்எம்பிஎஸ் விசிறிதான் காரணம் என்று முடிவு செய்து, அதை வெட்டி எடுத்துவிட்டு வேறொரு பழைய கேபினட்டில் கிடந்த விசிறியைப் போட்டிருக்கிறான். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. இன்னும் சத்தம் குறையட்டும் என்று 7 வோல்ட் வித்தையும் செய்திருக்கிறான். விசிறியின் பிளஸ்ஸை மஞ்சள் ஒயரிலும், மைனஸைக் கறுப்பில் கொடுக்காமல் சிவப்பிலும் கொடுப்பது. 12-ல் 5 போனால் 7. விசிறி மெதுவாக, அமைதியாகச் சுற்றும். கணக்கு சரிதான், கம்ப்யூட்டர் ஆட்கள் ரொம்ப காலமாகச் செய்கிற தந்திரம்தான். சில விசிறிகள் 7 வோல்ட்டில் கிளம்பவே கிளம்பாது என்பது ஒரு பக்கம். அதைவிட, எஸ்எம்பிஎஸ் உள்ளே இருக்கும் விசிறி அதன் வெப்பத்துக்கு ஏற்ப வேகம் கூட்டிக் குறைத்துக்கொள்ள வேண்டியது. அதன் கடிவாளத்தை அறுத்துவிட்டு 7-லேயே கட்டிப்போட்டால், சூடு ஏறும்போது அது பாட்டுக்கு அமைதியாகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

"ஆனா மாமா, ஃபேன் மாத்தினதும் ஓடிச்சு. சத்தியமா ஓடிச்சு. மூடினப்புறம்தான் ஓடல. மறுபடி திறந்தேன், ஓடிச்சு. மூடினேன், ஓடல."

"அதனால?"

"ரெண்டு நாள் மூடாமலே ஓட்டினேன்."

மேலே சொன்ன அந்த 325 வோல்ட் பெட்டியை. மேஜைக்கு அடியில். அக்கா வந்து பெருக்குகிற இடத்தில். பாதுகாப்புச் சுற்று பாவம், தன் கடமையை ஒழுங்காகச் செய்து 'மூடினால் ஓட மாட்டேன்' என்று அடம்பிடித்தது. இவன் அதற்குப் பரிகாரமாக மூடியையே ஒதுக்கி வைத்துவிட்டான். சுத்தம் செய்யும்போது அக்கா அதைப் பார்த்து, "என்னடா பெட்டி திறந்து கிடக்கு" என்று மூடச் சொல்லியிருக்கிறாள். மூடினான். அன்றிலிருந்துதான் 'தானா நின்னு போச்சு'.

"அப்ப நான் மூடச் சொன்னதாலதான் கெட்டுப் போச்சா?" என்று அக்கா கேட்டாள். பையன் முகத்தில் ஒரு நொடி ஒளி வீசியது. நான் அதை வளரவிடவில்லை.

பிளக் இல்லாமல் நன்றாக ஊறப்போட்டு, கெப்பாசிட்டர் கால்களில் மீட்டர் வைத்துக் காலிதான் என்று பார்த்துக்கொண்ட பிறகே உள்ளே கை வைத்தேன். மீட்டரை மறுபடி மஞ்சளிலும் சிவப்பிலும் வைத்தேன். மூடியைத் தூக்கியதும் பீப் நின்றது. வைத்ததும் கத்தியது. இன்னொரு தடவை தூக்கினேன், நின்றது. விசிறி மூடியோடு சேர்ந்தது என்பதால் அதன் ஒயர்கள் மூடியோடு சேர்ந்து எழுந்து, மூடியோடு சேர்ந்து மடங்கின. இரண்டு இணைப்புகளும் பக்கம் பக்கமாக, ஒரே நீளத்தில், அருமையான சால்டரிங். குறையே சொல்ல முடியாது. மேலே சுற்றியிருந்ததுதான் செலோடேப். ஸ்டிக்கரை ஒட்டிய அதே சுருள். உள்ளே இருக்கிற சூட்டில் பசை இளகி, டேப் குழாய் மாதிரி நழுவி ஓரமாகப் போயிருந்தது. மூடியை வைத்தால் இரண்டு மொட்டை இணைப்புகளும், சூட்டை வாங்கும் உலோகத் துண்டான ஹீட் சிங்க்குக்கும் விசிறிச் சட்டத்துக்கும் நடுவில் நசுங்கி ஒன்றாகிவிடும்.

விசிறியும் தலைகீழ். இந்த ரகப் பெட்டியில் பெரிய விசிறி காற்றை உள்ளே தள்ளி, பின்பக்க ஓட்டைகள் வழியாக வெளியேற்ற வேண்டும். இவன் போட்டிருந்தது உள்ளிருந்து சூட்டை உறிஞ்சி கேபினட்டுக்குள்ளேயே துப்பிக்கொண்டிருந்தது.

"ஏன்டா இப்படி மாட்டினே?"

"ஸ்டிக்கர் இருக்கிற பக்கம் வெளிய தெரிஞ்சா நல்லா இருக்கும்னு."

பொதுவாக ஸ்டிக்கர் இருக்கிற பக்கம்தான் காற்று வெளியே வரும் பக்கம் என்று சொன்னேன். பெரிய ரகசியம் கேட்டதுபோலத் தலையாட்டினான்.

அவன் மாட்டிய விசிறியைக் கழற்றினேன். இணைப்புகளைப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக, சூடு காட்டினால் இறுகிக்கொள்ளும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு, ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் கட்டி, மூடி, ஸ்குரூ முடுக்கினேன். பேப்பர் கிளிப். பெட்டி எழுந்தது, எழுந்தபடியே நின்றது. சும்மா வோல்ட் பார்த்தால் போதாது, ஏதாவது பாரம் இழுக்க வேண்டும் என்று, போனாலும் கவலையில்லாத ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கை மாட்டினேன். மஞ்சளில் 12.1, சிவப்பில் 5.03, ஆரஞ்சில் 3.3. ஐந்து சதவீதம் முன்னே பின்னே அனுமதி, இவை அதற்குள் வசதியாக இருந்தன. 'எல்லாம் சரி' என்று மதர்போர்டுக்குச் சொல்கிற சாம்பல் ஒயரும் 5 வோல்ட்டுக்கு வந்து நின்றது.

விசிறி இல்லாமல் அதிக நேரம் ஓட்டக் கூடாது. "பழைய ஃபேன் எங்கடா?" என்றேன். டிராயரிலிருந்து எடுத்துக் கொடுத்தான். திரும்ப மாட்டும் முன் அது எவ்வளவுதான் கத்துகிறது, கேட்போமே என்று ஹார்ட் டிஸ்க் கனெக்டரின் மஞ்சளிலும் கறுப்பிலும் கொடுத்து முழு 12 வோல்ட்டில் ஓட்டினேன். மூன்று பேரும் குனிந்து காதைக் கொடுத்தோம். மெல்லிய காற்றுச் சத்தம். 'ர்ர்ர்ர்' இல்லவே இல்லை.

மூன்று பேரும் மெதுவாகத் திரும்பிக் கேபினட்டைப் பார்த்தோம். பிராசஸர் மேலிருக்கும் விசிறியின் இறக்கை நுனிகளில் வரிசையாகக் கீறல். முன்பக்க யுஎஸ்பி ஒயர் ஒன்று தொய்ந்து அதன் மேல் சாய்ந்திருந்தது. ஒயர் தோலிலும் தேய்ந்த தடம். ஒரு கேபிள் டை போட்டு இழுத்துக் கட்டினேன். அவ்வளவுதான் சத்தம்.

பையன் நீண்ட நேரம் பேசவில்லை. அக்கா அதைச் சரிக்கட்டினாள்.

வோல்ட்டெல்லாம் சரியாக வந்தாலும் அந்தப் பெட்டியை மறுபடி மதர்போர்டில் மாட்ட எனக்கு மனம் வரவில்லை. விசிறி திரும்பி இருந்த நாட்களில் உள்ளே எது எவ்வளவு வெந்தது என்று மீட்டர் காட்டாது. அதனால் புது எஸ்எம்பிஎஸ் வாங்க வைத்தேன். மதர்போர்டு தப்பித்திருந்தது, பட்டனை அமுக்கியதும் முழுச் சுற்று. புதியது ஒயர்களைத் தனியாகக் கழற்றி மாட்டுகிற மாடுலர் ரகம். உடனே பையன், நண்பனிடம் இதே மாதிரி பெட்டிக்கு வந்த கலர் ஒயர் செட் இருக்கிறது, வாங்கி மாட்டட்டுமா என்றான். மதர்போர்டு முனை எல்லாவற்றிலும் ஒன்றுதான், ஆனால் பெட்டி முனையில் எந்தப் பின்னில் எது என்பதற்குப் பொதுவிதி கிடையாது, மாற்றி மாட்டினால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போய் நிற்கும் என்று விளக்கினேன். "சும்மா கேட்டேன் மாமா" என்றான். சும்மா கேட்டது எனக்குப் பிடிக்கவில்லை.

நான் கிளம்பும்போது பழைய பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். 5 வோல்ட் லைனில் பாரத்துக்காக 10 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்று போட்டு, பச்சை ஒயருக்கு ஒரு சுவிட்ச் வைத்தால் எலெக்ட்ரானிக்ஸ் சோதனைகளுக்கு அருமையான பவர் சப்ளை ஆகுமாமே என்றான். ஆகும். அதுதான் பிரச்சினை. நான் ஒன்றும் பேசாமல் அதன் பவர் கார்டைக் கழற்றிச் சுருட்டி என் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

ராத்திரி அவனிடமிருந்து ஒரு மெசேஜ்: "மாமா, மானிட்டர் பவர் கார்டும் அதே சைஸ்தான்."