முதலில் 2, அப்புறம் 1, அப்புறம் 1: ப்ரெப் மாத்திரைக்கு நேரக் கணக்கு

மாதத்தில் ஓரிரு இரவு மட்டுமே இன்னொரு ஆணோடு இருப்பவர்கள் பலர், தினமும் மாத்திரை போடத் தயங்கி, எச்ஐவி தொற்றாமல் இருக்க முன்கூட்டியே போடும் ப்ரெப் (PrEP) மருந்தையே விட்டுவிடுகிறார்கள். விடவேண்டியதில்லை. தேவைப்படும்போது மட்டும் போடும் முறையும் உண்டு. 2015-இல் வெளியான இப்பர்கே ஆய்வில் அது எச்ஐவி தொற்றை 86% குறைத்தது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அதைப் பரிந்துரைத்தது.

ஒரு மாத்திரையில் டெனோஃபோவிர் 300 மி.கி., எம்ட்ரிசிட்டபின் 200 மி.கி. இருக்கும். உறவுக்கு 2 முதல் 24 மணி நேரம் முன்னால் இரண்டைச் சேர்த்துப் போடவேண்டும். சனிக்கிழமை மாலை 6 மணிக்குப் போட்டால் ஞாயிறு மாலை 6-க்கு ஒன்று, திங்கள் மாலை 6-க்கு ஒன்று. ஞாயிறு இரவும் உறவு நடந்தால் செவ்வாய் மாலைக்கும் ஒன்று; கடைசி உறவுக்குப் பின் இரண்டு நாள் விடாமல் போடவேண்டும் என்பதே கணக்கு.

தவறுவது பெரும்பாலும் பின்னால் வரும் அந்த இரண்டு மாத்திரைகளில்தான். உடம்புக்குள் வந்த கிருமி மறுநாளும் வேரூன்றப் பார்க்கும். அப்போது மருந்தின் அளவு இறங்கியிருக்கக் கூடாது. கைபேசியில் அலாரம் வைத்துவிடுங்கள்.

தொடங்குமுன் எச்ஐவி பரிசோதனை கட்டாயம். ஏற்கெனவே தொற்று இருந்தால் இந்த இரண்டு மருந்து மட்டும் போதாது, கிருமி மருந்துக்கு மசியாமல் போய்விடும். சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று அறிய இரத்தத்தில் கிரியாட்டினின் அளவைப் பார்க்கவேண்டும். ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்கு இம்முறை ஆகாது: மருந்தை நிறுத்தும்போது கல்லீரல் அழற்சி சீறிவிடலாம். ஈஸ்ட்ரோஜன் எடுக்கும் திருநங்கையருக்கு தினசரி முறைதான்.

சிபிலிஸ், கொனோரியா போன்ற மற்ற பால்வினை நோய்களை ப்ரெப் தடுக்காது. ஆணுறை தேவை, அதோடு தண்ணீர் சார்ந்த ஜெல்லும். தேங்காய் எண்ணெய், வாசலின் பட்டால் ஆணுறையின் லேடெக்ஸ் ரப்பர் நலிந்து கிழியும். எண்ணெயைக் கைக்கெட்டும் இடத்தில் வைக்கவே வேண்டாம் என்பேன்.

ப்ரெப் இல்லாமல் ஆணுறை கிழிந்துவிட்டால், உறவுக்குப் பின் தொடங்கும் எச்ஐவி தடுப்பு மருந்தான பெப் (PEP) இருக்கிறது. 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் அன்றைக்கே தொடங்கி, 28 நாள் போடவேண்டும். எங்கே கிடைக்கும் என்று 1097 என்ற எச்ஐவி உதவி எண்ணில் இலவசமாகக் கேட்கலாம். தமிழக அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையத்தில் எச்ஐவி பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை. 2017-ஆம் ஆண்டின் எச்ஐவி, எய்ட்ஸ் சட்டப்படி உங்கள் சம்மதமில்லாமல் பரிசோதிக்கவோ முடிவை வெளியில் சொல்லவோ கூடாது.