தாத்தாவின் வேட்டியும் பேரனின் மொட்டையும்

குழந்தைகளுக்கான ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சை) மையத்தில் வேலை பார்க்கிறேன். புதிதாக வரும் பெற்றோரிடம் நான் முதலில் கேட்பவை வீட்டுச் சங்கதிகள்தான். நகம் வெட்ட விடுவானா? மிக்ஸி ஓடும்போது எங்கே போவாள்? குழைந்த சாதத்தைத் துப்பிவிட்டு அப்பளத்தை மட்டும் கேட்கிறானா? "உங்களுக்கு எப்படி மேடம் தெரியும்?" என்று பல அம்மாக்கள் வியந்து போவார்கள். அதுவரை எல்லாம் அடம் என்றுதான் நினைத்திருப்பார்கள். பல நேரம் அது அடம் இல்லை, புலன்கள் தரும் தகவலை மூளை எடுத்துக்கொள்ளும் விதம்.

ஜீன் ஏயர்ஸ் என்ற அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் 1960களிலும் 70களிலும் இதை ஆராய்ந்தார். ஐம்புலன்களோடு, உள்காது தரும் சமநிலை உணர்வும், தசைகளும் மூட்டுகளும் தரும் உணர்வும் சேர்ந்துதான் மூளைக்குத் தகவல் போகிறது. ஒரே சத்தம், ஒரே தொடுதல் எல்லோருக்கும் ஒரே அளவில் உறைப்பதில்லை. சிலருக்கு மிகையாக உறைக்கும். சிலருக்குப் போதாது, சுற்றுவார்கள், குதிப்பார்கள், சுவரில் போய் மோதுவார்கள்.

ஐந்து வயதுப் பையன் ஒருவனைக் கூட்டி வந்தார்கள். குலதெய்வம் கோயிலில் மொட்டை, காதுகுத்து. அவனோ தலையில் கை வைத்தாலே அலறுகிறான். "எங்க காலத்துல இதெல்லாம் யார் பாத்தா? பிடிச்சு உக்கார வெச்சு மொட்டை அடிச்சிட்டு வந்தோம்" என்றார் தாத்தா. மருமகள் மெதுவாகச் சொன்னார்: "மாமா புது வேட்டியை நாலஞ்சு தடவை துவைக்காம கட்ட மாட்டார் மேடம். வெண்டைக்காய் கொழகொழன்னு இருந்தா தட்டை நகர்த்திடுவார்."

எனக்கு அது பெரிய விஷயமாகப் பட்டது. பெரியவர்கள் தங்கள் உடம்புக்கு ஒவ்வாததை வீட்டுக்குள் ஓசையில்லாமல் ஒதுக்கி வைத்துவிடுகிறோம். அதை யாரும் கோளாறு என்று சொல்வதில்லை. அந்த வசதி குழந்தைக்குக் கிடையாது. தறிச் சத்தத்தில் எட்டு மணி நேரம் நிற்கிற தொழிலாளிக்கும் கிடையாது.

இப்படிப்பட்ட குழந்தைகள் பலருக்கு லேசான தொடுதல்தான் தாங்காது, அழுத்தமான தொடுதல் இதமாக இருக்கும். அதனால் தினமும் தலையைத் துண்டால் அழுத்தித் துடைக்கச் சொன்னோம். விளையாட்டுப்போலக் கழுத்தில் தண்ணீர் விட்டுப் பழக்கினோம். கோயிலுக்கு மேளம் தொடங்குமுன், விடியற்காலையிலேயே போனார்கள். தாத்தா மடியில் இறுக்கி அணைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பையன் அழுதான், ஆனால் திமிறவில்லை. காதுகுத்தை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னதும் தாத்தாதானாம்.

பள்ளிக்கூடம்தான் பாக்கி. ஆட்டிசம் என்று சான்றிதழ் இருந்தால் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைக் காட்டி, வேண்டிய வசதிகளை உரிமையோடு கேட்கலாம். இவனுக்கு ஆட்டிசம் இல்லை, தொடுதலும் சத்தமும் மிகையாக உறைக்கும் கூச்சம் மட்டும்தான். அதற்கென்று சான்றிதழ் எதுவும் கிடையாது. ஆகவே பள்ளியிடம் தயவாகக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். இடித்துக்கொண்டு உட்காரும் பெஞ்சில் ஓர இடம், கஞ்சி போடாத பழைய யூனிஃபார்ம், மணி அடிக்கப்போகிறது என்று முன்கூட்டியே ஒரு சைகை. இவ்வளவுதான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வகுப்பு டீச்சர் சரி என்றுவிட்டார். யூனிஃபார்ம் விஷயத்தில் தலைமையாசிரியர் யோசிக்கிறாராம். வரும் வாரம் நானே நேரில் போய்ப் பேசப்போகிறேன்.