இன்குபேட்டர் பக்கத்து நாட்குறிப்பு

பிப்ரவரி 3

கர்ப்பத்தின் 29 வாரம் 1 நாளில் பிறந்த குழந்தை. 1180 கிராம்.

சீம்பால், மொத்தம் அரை மி.லி. இதைக் கையால்தான் எடுக்க வேண்டும். பம்ப் வைத்தால் இந்த அளவு குழாயிலேயே ஒட்டிப் போய்விடும். காம்பைச் சுற்றிய கருவட்டத்துக்குச் சற்றுப் பின்னால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதிரெதிராக இருக்க வேண்டும். முதலில் நெஞ்சுக்கூட்டை நோக்கி உள்ளே அழுத்தி, பிறகு இரண்டு விரலையும் சேர்த்துப் பிடித்து விட வேண்டும். தோலின் மேல் வழுக்கி இழுத்தால் வலிதான் மிச்சம். திரண்டு நிற்கும் துளியை 1 மி.லி. சிரிஞ்சின் முனையால் உறிஞ்சிக்கொள்ளலாம்.

0.1 ஒரு கன்னத்துக்குள், 0.1 மறு கன்னத்துக்குள். மீதி, வாய் வழியாக இரைப்பைக்குப் போகும் டியூபில்.

மூன்று மணிக்கு ஒருமுறை, ராத்திரியிலும். அரை மி.லி. குறைவில்லை. முதல் இரண்டு மூன்று நாள் எல்லோருக்குமே இப்படித்தான்.

பிப்ரவரி 4

சி-பாப் (மூக்குக் குழல் வழியாக விடாமல் தரும் காற்றழுத்தம்) 5 செ.மீ. தண்ணீர் பாட்டிலுக்குள் குழாய் எத்தனை செ.மீ. மூழ்கியிருக்கிறதோ அத்தனை அழுத்தம், அவ்வளவுதான். நுரையீரலின் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் இந்த வாரத்துக் குழந்தைக்குப் போதாது. நேற்று அதை மருந்தாகக் கொடுத்தார்கள். மூச்சை விடும்போது அறைகள் முழுக்க மூடிவிடாமல் பிடித்திருப்பது இந்த 5 செ.மீ. காற்று. 1971ல் டாக்டர் ஜார்ஜ் கிரகரி இந்த முறையை எழுதும்வரை இப்படிப்பட்ட குழந்தைகளில் எத்தனை பேர் மூச்சுக்குப் போராடியே போயிருப்பார்கள். நினைத்தால் தாங்கவில்லை.

குமிழி நின்றால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். மூக்குக் குழல் நழுவியிருக்கும், இணைப்பு கழன்றிருக்கும், இல்லையென்றால் வாய் திறந்திருக்கும். இன்று மூன்று முறை நின்றது, மூன்று முறையும் வாய்தான். தாடைக்கு அடியில் சின்னப் பட்டி கட்டியதும் களகளவென்று திரும்ப ஆரம்பித்தது. மூக்கின் நடுச்சுவரைக் குழல் தொடக் கூடாது, நடுவில் ஒரு கோடு இடைவெளி தெரிய வேண்டும். ஒட்டி அழுத்தினால் முதலில் சிவக்கும், விட்டால் புண்ணாகும்.

பிப்ரவரி 5

தலை ஸ்கேன், உச்சிக்குழி வழியாக. ரத்தக் கசிவு இல்லை. முதல் 72 மணி நேரம்தான் கவனம் என்றார் டாக்டர். இன்னும் சில மணி நேரம் இருக்கிறது.

பிப்ரவரி 7

1065. பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. பெரும்பாலும் நீர்தான், எதிர்பார்த்ததுதான் என்கிறார்கள். சரி.

மஞ்சள் காமாலைக்காக நீல லைட்டில் இருக்கிறது. கண் கட்டு மூக்கை மூடிவிடாமல் அடிக்கடி பார்க்க வேண்டும். தோலில் எவ்வளவு பரப்பில் வெளிச்சம் படுகிறதோ அவ்வளவு பலன், அதனால் டயப்பரை இடுப்புக்குக் கீழே மடித்து வைத்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 8

அலாரம்.

இன்று முழுக்க அதுதான். சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவு: 88, 86, 91, 84. திரையில் எண் இறங்கும்போது நெஞ்சும் கூடவே இறங்குகிறது. சிஸ்டர் திரையைப் பார்ப்பதே இல்லை, குழந்தையைத்தான் பார்க்கிறார். நெஞ்சு ஏறி இறங்குகிறதா, நாக்கும் உதடும் எந்த நிறம் என்று. அதன் பிறகுதான் அலைக்கோடு. கோடு ஒழுங்காக ஏறி இறங்கினால் எண்ணை நம்பலாம், கிறுக்கல் மாதிரி இருந்தால் கால் ஆடியிருக்கிறது, இல்லை அளவெடுக்கும் ப்ரோப் நழுவியிருக்கிறது. திரையில் வரும் எண்ணே கடந்த சில விநாடிகளின் சராசரி. குழந்தை மூச்சை மறந்து, திரும்பவும் எடுத்த பிறகும்கூட எண் இறங்கிக்கொண்டே இருக்கும்.

ப்ரோப் சுற்றியிருக்கும் பாதம் கட்டைவிரல் நீளம்கூட இல்லை. சிவப்பு வெளிச்சம் உள்ளங்கால் வழியாக ஊடுருவி, விரல்கள் ஐந்தும் சின்ன விளக்குகள் மாதிரி தெரிகின்றன. இறுக்கிச் சுற்றினால் தோல் புண்ணாகும், அதனால் சில மணிக்கு ஒருமுறை கால் மாற்றுகிறார்கள்.

உண்மையான ஆப்னியா என்றால் மூச்சு 20 விநாடி நிற்பது, அல்லது அதற்குள்ளேயே இதயத்துடிப்போ சாச்சுரேஷனோ விழுவது. முதலில் உள்ளங்காலைத் தேய்க்கிறார்கள். பிறகு கழுத்து. தாடை நெஞ்சைத் தொடும்படி மடங்கியிருந்தால் மூச்சுக்குழாய் அடைபடும், தோளுக்கடியில் மெல்லிய துணி மடிப்பு வைத்ததும் சரியாகிவிடும். இன்று நடந்ததில் பாதி கழுத்துதான்.

மேல் எல்லைக்கும் அலாரம் உண்டு, 95. அது ஏன் என்று இன்றைக்குக் கேட்கத் தெம்பில்லை.

பிப்ரவரி 9

நெஞ்சோடு நெஞ்சாக முதல் முறை. சி-பாப் இருக்கும்போதே வைத்துக்கொள்ளலாம் என்று தெரிந்திருந்தால் முந்தாநாளே கேட்டிருக்கலாம்.

டயப்பர், தொப்பி மட்டும். குழாய்களை ஒருவர் பிடிக்க, ஒருவர் குழந்தையைத் தூக்க, மொத்தம் இரண்டு பேர் வேண்டும். நிமிர்த்தி, தவளை மாதிரி கால் மடங்கி, தலை ஒரு பக்கம் திரும்பி, தாடை சற்றே தூக்கி இருக்க வேண்டும். மேலே துணிப்பட்டி, காதுக்குக் கீழ் வரை. பட்டி குழந்தையின் நெஞ்சுப் பக்கம் இறுக்கமாகவும், வயிற்றுப் பக்கம் மூச்சுக்கு இடம் விட்டும் இருக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குக் குறைவாக என்றால் எடுக்காமல் இருப்பதே நல்லது, இடம் மாற்றும் அலுப்புதான் குழந்தைக்கு மிஞ்சும்.

தடவிக்கொடுக்கக் கூடாது. இது கை தானாகச் செய்யும் தப்பு. இந்தத் தோலுக்கு வருடல் தாங்காது, உடனே எண் இறங்கும். ஒரு கை தலையில், ஒரு கை மடங்கிய காலில், அசையாமல்.

பதினைந்து நிமிடத்தில் 94. அப்படியே நின்றது. அலாரம் ஒன்றுகூட இல்லை.

1978ல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல் டாக்டர் எட்கர் ரே சனாப்ரியா ஆரம்பித்த வழி இது. இன்குபேட்டர் இருக்கும் இடத்துக்கும் இதுதான் வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு 2022ல் சொன்னது, நாளுக்கு 8 மணி முதல் 24 மணி நேரம் வரை. ஒரு மணி நேரம் கேட்கவே இங்கே தயக்கமாக இருக்கிறது. நாளைக்குக் கேட்க வேண்டும்.

பிப்ரவரி 12

2 மணிக்கு ஒருமுறை 9 மி.லி.

பால் கணக்கு. நேற்று எட்டு முறை எடுத்தது, மொத்தம் 410 மி.லி. 14ஆம் நாளுக்குள் 500ஐத் தாண்டினால் பின்னால் பெரும்பாலும் தட்டுப்பாடு வராது. ஒரு முறையில் நிறைய எடுப்பதைவிட அதிக முறை எடுப்பதுதான் முக்கியம், மார்பு நிறைந்தே இருந்தால் போதும் என்று உடம்பு சுரப்பைக் குறைத்துவிடும். ராத்திரி ஒரு முறையாவது எழுந்தே ஆக வேண்டும், சுரக்க வைக்கும் ஹார்மோன் இரவில்தான் அதிகம். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில், கடைசித் துளிக்குப் பிறகும் இரண்டு நிமிடம். பம்பின் புனலுக்குள் காம்பு உரசினால் அளவு தப்பு, பெரியதாக மாற்ற வேண்டும்.

அறை வெப்பத்தில் 4 மணி நேரம். ஃபிரிட்ஜில் 4 நாள், கதவில் இல்லை, உள்பக்கம். உறைய வைப்பதென்றால் பாட்டிலில் மேலே இடம் விட வேண்டும். உருக்கியது 24 மணி நேரத்துக்குள், மறுபடி உறைய வைக்கவே கூடாது. மைக்ரோவேவ் வேண்டாம், ஓரிடம் கொதிக்கும், ஓரிடம் குளிர்ந்திருக்கும். தேதி, மணி, பெயர் மூன்றும் எழுதாத பாட்டிலை வார்டில் கொட்டிவிடுவார்கள். நேற்று 50 மி.லி. அப்படிப் போனது. மணி எழுதவில்லை.

பிப்ரவரி 14

பச்சை.

பால் கொடுக்குமுன் டியூபில் இழுத்துப் பார்த்தபோது 4 மி.லி. வந்தது, பச்சையாக. வயிறு உப்பலாக இருக்கிறது, சுற்றளவு 2 செ.மீ. கூடியிருக்கிறது. பால் நிறுத்தம். எக்ஸ்-ரே.

குடல் அழற்சியின் அறிகுறியாகக் குடல் சுவருக்குள் காற்று இருக்கிறதா என்றுதான் தேடுகிறார்கள். மலத்தில் ரத்தம் இருக்கிறதா என்று ஒவ்வொரு டயப்பரும் சிஸ்டர் கைக்குப் போகிறது. இதுவரை இல்லை.

இரவு 1.40. இன்னும் இல்லை.

பிப்ரவரி 15

டியூப்! உதட்டோரம் 15 என்ற கோடு இருக்க வேண்டிய இடத்தில் 17. நுனி இரைப்பையைத் தாண்டிக் குடலுக்குள் போயிருக்கிறது, அதனால்தான் பித்தம். உப்பல் சி-பாப் தள்ளிய காற்று. எக்ஸ்-ரேயில் குடல் சுத்தம். டியூபை 2 செ.மீ. பின்னால் இழுத்து ஒட்டினார்கள். மாலை 6 மணியிலிருந்து 4 மி.லி.

இனி ஒவ்வொரு முறையும் கோட்டைப் பார்க்க வேண்டும். 15. 15. 15.

பிப்ரவரி 16

1180. பிறந்த எடை.

பிப்ரவரி 24

சி-பாப் எடுத்தாச்சு. குமிழிச் சத்தம் இல்லாத அறையில் காது எதையோ தேடுகிறது.

மார்ச் 2

கண் பரிசோதனை. கண்ணின் கருமணியை விரிக்க ஒரு மணி நேரத்துக்கு முன்பிருந்து சொட்டு மருந்து. பால் கொடுத்தவுடன் செய்தால் வாந்தி வரும், அதனால் ஒரு வேளைப் பால் தள்ளிப் போனது. இறுக்கமாகத் துணியில் சுற்றி, நாக்கில் சர்க்கரைக் கரைசல் துளி. இமையை விரிக்கும் கம்பியைப் பார்க்காமல் இருப்பது நல்லது.

95 ஏன் என்பதற்கு இன்று பதில். ஆக்ஸிஜன் அதிகமானால் விழித்திரையின் ரத்தநாளம் வளர்வது நின்று, பிறகு தாறுமாறாக வளரும். 1951ல் மெல்போர்னில் டாக்டர் கேட் கேம்பெல் இந்தத் தொடர்பைச் சொல்லும்வரை, காப்பாற்றத் தாராளமாகக் கொடுத்த ஆக்ஸிஜனே ஆயிரக்கணக்கான குழந்தைகளின் பார்வையை எடுத்தது. அந்த எரிச்சலூட்டும் மேல் அலாரம் அடிக்கும்போதெல்லாம் இனி நன்றிதான் சொல்ல வேண்டும்.

இப்போதைக்குப் பாதிப்பு இல்லை. நாளம் ஓரம் வரை எட்டவில்லை, 2 வாரத்தில் மறுபடி.

மார்ச் 10

34 வாரம் தாண்டியது. 1640. உறிஞ்சி, விழுங்கி, மூச்சுவிடுவது மூன்றும் இனிமேல்தான் ஒன்றோடொன்று சேரும். இதுவரை பால் எடுத்துக் காலியான மார்பில் சப்பிப் பழகியது. இன்று பாலோடு. நாலு உறிஞ்சல், மூச்சை மறந்தது, 83. விலக்கி நிமிர்த்திப் பிடித்ததும் ஏறியது. மறுபடி. 8 மி.லி. வாயால், 25 டியூபில்.

மார்ச் 13

கேஃபீன் நிறுத்தம். மூச்சை நினைவூட்டிக்கொண்டிருந்தது தினமும் கொடுத்த இந்த ஒரு வேளை மருந்துதான். உடம்பை விட்டுப் போகவே பல நாள் ஆகும், அதனால் உடனே எண்ண ஆரம்பிக்கக் கூடாது. 18ஆம் தேதியிலிருந்து எண்ணி ஆப்னியா இல்லாமல் 5 நாள். அதன் பிறகுதான் வீடு.

மார்ச் 18

ஒன்று.

மார்ச் 19

இரண்டு.

மார்ச் 20

அதிகாலை 3.15. 22 விநாடி, துடிப்பு 71. கழுத்து நேராகத்தான் இருந்தது. பால் நேரமும் இல்லை. ப்ரோப்பும் சரி. உள்ளங்காலைத் தேய்த்துத்தான் வந்தது.

பூஜ்யம்.

ரத்தம் எடுத்தார்கள். நிற்காமல் இருந்தது திடீரென நின்றால் தொற்று இருக்கிறதா, ரத்தசோகையா என்று பார்க்க வேண்டுமாம்.

மார்ச் 21

தொற்று இல்லை. ஹீமோகுளோபின் குறைவுதான், ஆனால் ரத்தம் ஏற்றும் அளவுக்கு இல்லை. ஒன்று.

மார்ச் 22

இரண்டு. திறந்த தொட்டிலில் உடல்வெப்பம் 36.8.

மார்ச் 23

மூன்று. எழுதவே பயமாக இருக்கிறது.

மார்ச் 24

நான்கு. 2040 கிராம். மாலை 6 மணிப் பால் 40 மி.லி., முழுவதும் வாயால், 25 நிமிடத்தில். டியூப் வாயில் இல்லை.

9 மணிப் பால்