அறிக்கையில் இல்லாத ஒரு பெயர்

மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் இருந்த கட்டியை அகற்றிக்கொண்ட பிறகு, கடந்த ஏழு ஆண்டுகளில் ஆறு முறை, படத்தைத் தெளிவாக்கும் கான்ட்ராஸ்ட் ஊசியுடன் எம்.ஆர்.ஐ. எடுத்திருக்கிறேன். ஊசி மருந்து உடம்பில் தங்குமா என்று கேட்ட ஒவ்வொரு முறையும், "நிறையத் தண்ணீர் குடியுங்கள், சிறுநீரில் போய்விடும்" என்ற பதிலே கிடைத்தது. அது பெரும்பாலும் உண்மைதான். சிறுநீரகம் நன்றாக இயங்குபவருக்கு மருந்தின் பாதி ஒன்றரை மணி நேரத்திலும், 90 விழுக்காட்டிற்கு மேல் ஒரு நாளைக்குள்ளும் வெளியேறிவிடுகிறது. எஞ்சும் துளியைப் பற்றித்தான் சில மாதங்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த மருந்தின் உயிர்நாடி கடோலினியம் என்ற அரிய மண் உலோகம். அதன் அயனியில் இணைசேராத ஏழு எலக்ட்ரான்கள் இருப்பதால், அருகில் வரும் நீர் மூலக்கூறுகளில் ஸ்கேன் கருவி நிலைகுலைத்த ஹைட்ரஜன் அணுக்கருக்கள் விரைவாகத் தம் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. அந்த இடம் படத்தில் வெண்மையாகத் தெரிகிறது. ஆனால் தனித்த கடோலினியம் நஞ்சு. அளவில் கால்சியம் அயனியை ஏறத்தாழ ஒத்திருப்பதால், உயிரணுக்களில் கால்சியம் செல்லும் வழிகளை அது அடைத்துவிடும். எனவே அதை ஒரு கரிம மூலக்கூறு இறுகப் பற்றியிருக்கும் நிலையில்தான் உடலுக்குள் செலுத்துகிறார்கள். இந்தப் பிணைப்புக்குக் கிலேட் என்று பெயர். நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. வழக்கமான அளவுப்படி 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஒரு முறை செல்லும் கடோலினியம் ஒரு கிராமுக்குச் சற்றே குறைவு.

இந்தக் கொடுக்குகள் எல்லாம் ஒரே வலிமை உடையவை அல்ல. நீள்வடிவ மூலக்கூறுகள் உலோகத்தைச் சுற்றி வளைந்து நிற்பவை. உடலில் உள்ள துத்தநாகம் போன்ற உலோகங்கள் போட்டிக்கு வந்தால் அவை பிடியைத் தளர்த்தக்கூடும். வளைய வடிவ மூலக்கூறுகளோ உலோகத்தைக் கூண்டுக்குள் அடைத்தாற்போல் வைத்திருக்கின்றன. 1988இல் அமெரிக்காவில் முதன்முதலாக அனுமதி பெற்ற கடோபென்டெடேட் நீள்வடிவத்தைச் சேர்ந்தது. சிறுநீரகம் செயலிழந்த நோயாளிகள் சிலரின் தோல் தடித்து இறுகி, மூட்டுகளை மடக்க முடியாமல் போன கொடிய நோய்க்கும் இம்மருந்துகளுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று 2006இல் ஆஸ்திரியாவிலிருந்து ஒரு மருத்துவக் குறிப்பு வெளிவந்த பிறகே இந்த வேறுபாட்டின் கனம் புரிந்தது. ஸ்கேனுக்கு முன், சிறுநீரகத்தின் இயக்கத்தைக் காட்டும் கிரியேட்டினின் அளவைக் கேட்பது அதனால்தான்.

சிறுநீரகம் சீராக இருப்பவர்களுக்குக் கவலையில்லை என்ற நம்பிக்கை 2014 வரை நீடித்தது. ஆறு முறையோ அதற்கு மேலோ கான்ட்ராஸ்ட் ஏற்றிக்கொண்ட 19 பேரின் மூளையில், ஊசி போடாமல் எடுத்த படத்திலேயே டென்டேட் நியூக்ளியஸ், குளோபஸ் பாலிடஸ் ஆகிய பகுதிகள் வெளுத்துத் தெரிவதை ஜப்பானில் கண்டா என்ற மருத்துவரும் உடன் ஆய்வாளர்களும் கண்டறிந்தார்கள். அதற்கு முன் அந்த வெண்மைக்கு மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் என்ற நரம்பு மண்டல நோய், கதிர்வீச்சுச் சிகிச்சை என்று வேறு காரணங்களைச் சொல்லிவந்தார்கள். நோயைக் காட்டக் கொடுத்த மருந்தின் தடத்தையே நோயின் தடமாக வாசித்திருக்கிறார்கள் என்பது என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது. மறு ஆண்டு அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையில், குறைந்தது நான்கு முறை அம்மருந்தைப் பெற்று இறந்த 13 பேரின் மூளைத் திசுவை ஆராய்ந்தபோது உலோகம் அங்கேயே இருந்தது. எலும்பில் தங்குவது மூளையில் தங்குவதைவிட அதிகம்.

ஒரே சான்றுகளை வைத்துக்கொண்டு 2017இல் இரு ஒழுங்குமுறை அமைப்புகள் இரு வழியில் சென்றன. ஐரோப்பிய மருந்து முகமை ரத்தநாளத்தில் ஏற்றும் நீள்வடிவ மருந்துகள் சிலவற்றை நிறுத்திவைத்து, வேறு இரண்டைக் கல்லீரல் ஸ்கேனுக்கு மட்டும் விட்டுவைத்தது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. எதையும் தடை செய்யாமல், எச்சரிக்கையையும் நோயாளிக்கான விளக்கத் தாளையும் கட்டாயமாக்கியது. சிறுநீரகம் நலமாக உள்ளவர்களின் மூளையில் தங்கிய உலோகம் கேடு செய்ததாக நிறுவப்படவில்லை என்பதை இரண்டுமே ஏற்றுக்கொண்டன. ஆயினும் சமமான வேலையைச் செய்யும் வளைய மருந்து கையில் இருக்கும்போது ஐரோப்பாவின் முடிவே எனக்குச் சரியெனப் படுகிறது. வளைய மருந்தும் அறவே தங்காமல் போவதில்லை. ஆனால் மிகக் குறைவாகத் தங்குகிறது. எலிகளில் செய்த சோதனைகளில், அது பெரும்பாலும் பிணைப்பு உடையாமல் இருந்து மெல்ல வெளியேறியது.

ஊசியே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. சுரப்பியைவிட மெதுவாக மருந்தை உறிஞ்சுவதால்தான் மீதமிருக்கும் சிறு கட்டி படத்தில் கருமையாகப் பிரிந்து தெரியும். ஊசி இல்லாவிட்டால் அது கண்ணுக்குத் தப்பக்கூடும். ஆறாவது ஸ்கேனின்போது மருந்தின் பெயரைக் கேட்டேன். அங்கிருந்தவர் சலித்துக்கொள்ளாமல் குப்பியைத் திருப்பிக் காட்டினார்: கடோடெரேட், 12 மில்லி, வளைய வகை. கோப்பின் அட்டையில் தேதியுடன் குறித்துக்கொண்டேன். முந்தைய ஐந்து அறிக்கைகளிலும் "கான்ட்ராஸ்ட் செலுத்தப்பட்டது" என்ற ஒரே வரிதான் இருக்கிறது. விசாரித்ததில் இரண்டுக்குப் பெயர் கிடைத்தது. மற்ற மூன்றுக்கும் எதிரே இன்னும் கேள்விக்குறிதான் நிற்கிறது.