ஹைட்ரஜன் மூச்சுப் பரிசோதனை: என் அனுபவம்

சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வயிறு உப்பிக்கொள்ளும், கூடவே மலச்சிக்கல். மாதக்கணக்கில் இதோடு அல்லாடிய பிறகு குடல்நோய் மருத்துவர், குடல் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் வாயுவை மூச்சில் அளந்து பார்க்கும் இந்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

முந்தைய நாள் சாப்பாடுதான் கஷ்டம். பருப்பு, பால், தயிர், வெங்காயம், பழம் எதுவும் கூடாது. வெள்ளைச் சோறும் அவித்த முட்டையும்தான். ராத்திரிக்கு மேல் தண்ணீர் மட்டும். ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தால் 4 வாரம் பொறுக்க வேண்டும். இதையெல்லாம் கறாராகக் கடைப்பிடியுங்கள். பழைய சாப்பாடு குடலில் நொதித்துக்கொண்டிருந்தால் சோதனையே வீண்.

காலையில் வெறும் வயிற்றோடு ஒரு பையில் ஊதச் சொன்னார்கள். அப்புறம் லாக்டுலோஸ் என்ற சர்க்கரை 10 கிராம் கலந்த தண்ணீர், திகட்டுகிற தித்திப்பு. பிறகு விட்டு விட்டு ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். இடையில் தூங்கக் கூடாது, நடக்கவும் கூடாது. லாக்டுலோஸை நம் உடம்பால் செரிக்க முடியாது. குடல் பாக்டீரியாக்கள்தான் அதை நொதிக்க வைத்து ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் உண்டாக்கும்.

கார்பன் டை ஆக்சைடும் வருகிறதென்றால் அதைப் பார்த்தே சொல்லலாமே என்று கேட்டேன். சோதனை செய்த பெண் பொறுமையாக விளக்கினார். நம் செல்களும் ஓயாமல் அதை உண்டாக்குகின்றன. வெளிவிடும் மூச்சில் சுமார் 4 சதவீதம் அதுதான். வயிற்று அமிலம் சிறுகுடலில் பைகார்பனேட்டோடு சேரும்போதும் வரும். குடலில் உண்டாவதில் பெரும்பங்கு ரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியே போய்விடும். இதில் பாக்டீரியாவின் பங்கை எப்படிப் பிரிப்பது? ஹைட்ரஜன் அப்படியில்லை, நம் செல்கள் அதைத் தயாரிப்பதே இல்லை. ஆனாலும் கருவி கார்பன் டை ஆக்சைடையும் அளந்தது, பையில் வந்தது நுரையீரலின் அடிக்காற்றுதானா என்று சரிபார்க்க.

எனக்கு ஹைட்ரஜன் ஏறவே இல்லை. மீத்தேன்தான் பத்து லட்சத்தில் 10 பங்கு என்ற வரம்பைத் தாண்டியிருந்தது. மெத்தனோபிரெவிபேக்டர் ஸ்மித்தி என்ற நுண்ணுயிரின் வேலை என்றார் மருத்துவர். அது பாக்டீரியா இல்லை, ஆர்க்கியா வகை. பாக்டீரியாக்கள் வெளியிடும் ஹைட்ரஜன் மூலக்கூறு 4, கார்பன் டை ஆக்சைடு 1 என்று எடுத்து ஒரே ஒரு மீத்தேனாக்கிவிடும். வாயுவின் அளவு குறைகிறதே, நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் மீத்தேன் குடலின் அசைவை மந்தமாக்கும். என் மலச்சிக்கலுக்குக் காரணம் அப்போதுதான் பிடிபட்டது.

பரிசோதனைக்குப் போகிறவர்கள் மீத்தேனையும் அளப்பார்களா என்று முன்பே கேட்டுவிடுங்கள். ஹைட்ரஜனை மட்டும் அளக்கும் கருவிகளும் உண்டு. அதில் ஊதியிருந்தால் எனக்கு ஒன்றுமில்லை என்று எழுதி அனுப்பியிருப்பார்கள்.