வெளியே போகிறது, திரும்பக் காணோம்: 44 நெட் நாட்குறிப்பு

அக்டோபர் 14

மழை. குறுவை அறுப்பு அப்படியே நிற்கிறது. மன்னார்குடிப் பக்கம் இன்று யாருக்கும் வேலை இல்லை, எனக்கும்தான். மாடியறையில் உட்கார்ந்தாயிற்று. ஹாம்களுக்கு, அதாவது அமெச்சூர் வானொலிக்காரர்களுக்கு, 44-இல் தொடங்கும் தனி இணைய முகவரிகள் உண்டு, அந்த வலையமைப்புதான் 44 நெட். ஃபைபருக்கு மாறியதிலிருந்து அதில் சேர்ந்த நம் ஹாம் நோடு ஊமையாகக் கிடக்கிறது.

44 நெட்டின் மைய வாசலான சான் டியேகோ கேட்வே 5 நிமிடத்துக்கு ஒருமுறை ரிப் என்ற வழி அறிவிப்பு அனுப்பும். எந்த 44 முகவரி யாருடைய கேட்வேக்குப் பின்னால் இருக்கிறது என்பது அதில்தான் வரும். ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியில், வந்துபோகும் பாக்கெட்டைக் காட்டும் டிசிபிடம்ப்பை ஓட்டிவிட்டுக் காத்திருந்தேன். டீ ஆறியது, அறிவிப்பைச் சுமந்து வரும் ஐபிஐபி டனலின் (பாக்கெட்டுக்குள் பாக்கெட்) அடையாளமான புரோட்டோகால் 4 என்று ஒரு வரிகூட வரவில்லை.

அக்டோபர் 15

ரவுட்டரின் வெளிப்பக்க (WAN) முகவரி 100.72 என்று தொடங்குகிறது. சரி, விஷயம் புரிந்துவிட்டது. 100.64 முதல் 100.127 வரை சிஜிநாட்டுக்கென்றே (ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிரும் ஏற்பாடு) ஒதுக்கியவை. நாட் பெட்டி போர்ட் எண்ணை வைத்துத்தான் வருகிற பாக்கெட் யாருக்கு என்று பிரிக்கும். ஐபிஐபி டனலில் போர்ட்டே கிடையாது, அதனால் நமக்கு வரவேண்டியது அங்கேயே விழுந்துவிடுகிறது.

கஸ்டமர் கேரில், "யூடியூப் ஓடுதா சார்?" ஓடுகிறதம்மா, நன்றாகவே ஓடுகிறது.

அக்டோபர் 17

லைன் பார்க்கும் தம்பி வந்தார். "ஸ்டேட்டிக் ஐபி எழுதிக் கொடுங்கண்ணே, காசு தனி." நமக்கே நமக்கென்று மாறாத பொது முகவரி. கொடுத்தேன்.

அக்டோபர் 21

தீபாவளி முடிந்த கையோடு ஸ்டேட்டிக் வந்துவிட்டது. 44 நெட் போர்ட்டலில் என் கேட்வே முகவரியை மாற்றினேன். ரிப் கொட்டுகிறது!

ஆனால் வேடிக்கை: கும்பகோணம் ஓ.எம். (ஹாம்கள் ஒருவரையொருவர் அழைக்கும் விதம்) தன் 44 முகவரியிலிருந்து பிங் பண்ணினால் பதில் போகிறது, என் மொபைல் டேட்டாவிலிருந்து பண்ணினால் இல்லை. டிசிபிடம்ப்பில் பார்த்தால் மொபைலின் கேள்வி டனலில் வருகிறது, பதில் மட்டும் பிபிபி என்ற வீட்டு ஃபைபர் இணைப்பு வழியே நேராக வெளியேறுகிறது. 44-ஐ அனுப்புநராகப் போட்டு வீட்டு லைனில் பாக்கெட் விட்டால் போலி என்று தடுத்துவிடுவார்கள். தடுக்கத்தான் வேண்டும். கும்பகோணத்துக்கு ரிப் தந்த ரூட் இருக்கிறது, மொபைலுக்கு டீஃபால்ட் ரூட்தானே? அனுப்புநர் 44 என்றால் தனி ரூட்டிங் டேபிள், அதன் டீஃபால்ட் சான் டியேகோ என்று ஒரு ரூல் போட்டதும் பதில் வந்தது.

ஓ.எம். தன் பழைய ஸ்கிரிப்ட்டை அனுப்பியிருந்தார். அது 44-இல் தொடங்கும் எல்லாவற்றையும் டனலில் தள்ளுகிறது. 1981-இல் ஹாம்களுக்குக் கிடைத்த தொடரில் கால் பங்கு, 44.192-இலிருந்து மேலே உள்ளது, 2019-இல் அமேசானுக்கு விற்கப்பட்டது. சில வெப்சைட் மட்டும் திறக்க மாட்டேன் என்கிறது என்று அவர் புலம்பிக்கொண்டிருந்ததன் காரணம் இதுதான். சொன்னதும், "அட போங்க ஓ.எம்.!"

அக்டோபர் 22

பிங் ஓடுகிறது, வெப் பக்கம் பாதியில் தொங்குகிறது. வீட்டு லைனின் பிபிபிஓஇ-யில் எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, 1492 பைட், டனல் தலைப்புக்கு 20 போனால் 1472. துண்டாக்காதே என்று சொல்லி 1444 பைட் பிங் விட்டால் போகிறது, 1445 போகவில்லை. பிங்கின் தலைப்புகள் 28 சேர்த்தால் 1472, கணக்கு அச்சாகப் பொருந்துகிறது. டிசிபி எம்எஸ்எஸ்-ஐ, அதாவது ஒரு பாக்கெட்டில் ஏற்றும் தரவின் உச்சத்தை, தலைப்புகளுக்கு 40 கழித்து 1432-க்குக் கட்டினேன், பக்கம் திறந்தது.

அக்டோபர் 24

நாகை நண்பரும் சிஜிநாட்டில் மாட்டியிருக்கிறார், அவருக்கு ஸ்டேட்டிக் கிடையாதாம். 2018 கஜாவில் செல்போன் டவர்கள் படுத்ததைப் பார்த்தவர், நோடு இல்லாமல் விடமாட்டார். வாடகை சர்வரில் ஐபிஐபி-யை முடித்து, அங்கிருந்து அவர் வீட்டுக்கு வயர்கார்டு என்ற மறையாக்க டனல் போடலாம் என்றேன். அது யுடிபி, போர்ட் உண்டு, அவர் பக்கத்திலிருந்தே தொடங்கும், நாட் பெட்டியைத் தாண்டிவிடும். மறையாக்கம் அந்தக் கேபிளோடு நிற்க வேண்டும், ஹாம் அலைவரிசையில் அதற்கு அனுமதி இல்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறுகிறேன்.